இடது ஓரத்தில் ஒருவர்

தென்காசி மைதானத்தில் கோச் சண்முகப்பிரியா விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள். அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த மாரிராஜ் மூன்றாவது முறையாகப் பந்தைப் பறிகொடுத்திருந்தான்.

"பந்து காலுக்கு வருததுக்கு முந்தியே ரெண்டு தோளுக்கும் பின்னால பாத்துக்கிடணும். வலப்பக்கம் அத்தன பேரும் அடைச்சு நிக்காவ. இடப்பக்கம் காலியா கிடக்குல்லா?"

"சரிங்க. போலீஸ் செலக்‌ஷனுக்குக்கூட எனக்கு இப்படி வேர்க்கல."

"இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போம்."

பந்து வந்தது. மாரிராஜ் இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டெனத் திரும்பி, தானே கோலை நோக்கி ஓடாமல், இடது ஓரத்துக்கு நீளமாக அடித்தான். அங்கே நின்றவர் ஆவுடைநாயகம். கனத்த உடம்பு என்று யாரும் அவருக்குப் பந்து கொடுப்பதே இல்லை. அவர் நிதானமாக உதைத்தார். கோல்!

மாரிராஜ் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான். "அண்ணாச்சி, என்னா அடி!"

பிறகு தயங்கியபடி சண்முகப்பிரியாவிடம் வந்தான். "நான் செலக்டா?"

அவள் செல்போனை எடுத்தாள்.

"அப்பா, நீங்க சொன்ன வீரகேரளம்புதூர் மாப்பிள்ளைய கிரவுண்டுல வச்சே பாத்துட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை அவங்க வீட்டு ஆளுகள பூ வைக்க வரச் சொல்லுங்க."

எதிரே நின்ற மாரிராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எங்க அம்மாட்ட நானே சொல்லிக்கிடட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.