பச்சைக் கோடு

மதியம்தான், ஆனாலும் நவம்பரில் வடதேசத்துக் கைனூவின் காட்டுச் சாலை அதற்குள் இருட்டத் தொடங்கிவிடுகிறது. கண்ணாடியில் ஈரப்பனி அப்பி வழிய, இல்போ சிக்னல் அளக்கும் வண்டியை மெதுவாக ஓட்டுகிறான். வண்டிக் கூரைமேல் பொருத்திய பெட்டிக்குள் இருக்கும் கைபேசிகள் தாமாகவே ஓர் எண்ணை அழைப்பதும் துண்டிப்பதுமாக இருக்கின்றன. அழைப்பு போய்ச்சேர்ந்த இடமெல்லாம் அவனருகே உள்ள திரையில் பச்சைப் புள்ளிகளாக விழுந்து, சாலை ஒரே கோடாக நீள்கிறது. வளைவில் ஒரு பெண் கைவிளக்கை ஆட்டி நிறுத்துகிறாள். அவள் உடம்புக்குப் பெரிதான ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை. “சிக்னல் பாக்குற வண்டிதானே? இங்க கிடைக்குதா?” “நல்லாவே கிடைக்குதும்மா.” “கூரைமேல கிடைக்கும். எங்க வீட்டுக்காரர் கூரைமேலயா விழுந்து கிடந்தாரு?” விளக்கின் வெளிச்சம் சாலையோரப் பள்ளத்துக்குச் சரிகிறது. டிராக்டர் உருண்ட தடத்தில் பிர்ச் மரக்கன்றுகள் இன்னும் முறிந்தே கிடக்கின்றன. “ஃபோன் கையிலயேதான் இருந்துச்சு. நீயே இறங்கிப் பாரு, தம்பி.” இல்போ தன் கைபேசியோடு இறங்குகிறான். பள்ளத்தின் அடியில் கறுத்த தண்ணீர் காலணியைத் தொடும்போது கைபேசியில் ஒரு சிக்னல் கோடும் இல்லை. தலைக்கு மேல் தூக்கிப் பார்க்கிறான். பிறகு குனிந்து, ஒரு மனிதன் படுத்துக் கிடக்கும் உயரத்துக்கு அதைத் தாழ்த்துகிறான். “கிடைக்கலம்மா.” “அதை உன் பெட்டி எழுதிக்குமா?” மேலே, ஆளில்லாமல் நிற்கும் வண்டியின் திரையில், அதே இடத்தில் பச்சைப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கின்றன.