பிரிக்காத பெட்டி

மும்பை மாட்டுங்கா ஃப்ளாட்டில் ரஞ்சனா தனியாக இருந்தாள். கணவன் நிகில் ஆன்லைனில் விற்றிருந்த பழைய விண்கலப் பொம்மையை வாங்கிப் போக, தாராவியிலிருந்து கணேசபாண்டியன் என்ற பெரியவர் வந்திருந்தார். விண்வெளிப் படத் தொடர் ஒன்றில் வந்த விண்கலம் அது. பெட்டி இதுவரை பிரிக்கப்படவே இல்லை.

பெட்டியைத் தடவிப் பார்த்தவர், "வீட்டுல வேற யாரும் இருக்காவளாம்மா?" என்றார்.

"இல்லை" என்ற பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார்.

"அங்கிள், அவர் இப்ப வந்துடுவார்." ரஞ்சனாவின் கை மொபைலைத் தேடியது.

அவர் பிளேடால் பெட்டியின் டேப்பை அறுத்தார்.

"பிரிச்சா மதிப்பே போயிடுமே அங்கிள்."

"அதத்தாம்மா என் மவனும் சொல்லுதான். அலமாரி நிறைய வாங்கி வச்சிருக்கேன், ஒண்ணக்கூடப் பிரிக்க விட மாட்டேங்கான். யாரும் பாக்காம இத ஒரு தடவ பறக்க விட்டுட்டுப் போயிருதேன்."

தரையில் மண்டியிட்டு, விண்கலத்தை உயர்த்தி, வாயால் மெல்ல "உய்ங்" என்றார்.

ரஞ்சனா டீப்பாயை ஓரமாக நகர்த்தி அவருக்கு வழிவிட்டாள்.