வெள்ளையாக விட்ட வெயில்

டிசைன் வகுப்புச் சுவரில் ஒரு போஸ்டர் தொங்கியது. வெள்ளைத் தாளின் மூலையில் ஒரு காலிக் கிண்ணம், பக்கத்தில் அலகைப் பிளந்தபடி ஒரு குருவி. அவ்வளவுதான்.

"இவ்வளவு இடம் சும்மா கிடக்கே! நாற்பது மார்க்தான்," என்றது திருத்த வந்த சிவப்புப் பேனா.

"அது வெயிலுங்க ஐயா," என்றது போஸ்டர்.

"வெயில்னா சூரியனைப் போடு."

போஸ்டரில் சூரியன் வந்தது. அடுத்த முறை பேனா மரம் கேட்டது, பிறகு ஆறு, அப்புறம் சுற்றிலும் பூ பார்டர். எல்லாம் வந்த பிறகுதான் அதற்குத் திருப்தி. தொண்ணூறு போட்டுவிட்டுப் போனது.

போஸ்டர் தன்னைச் சுவரில் பிடித்திருந்த குண்டூசியிடம் கேட்டது: "என் குருவி உனக்குத் தெரியுதா?"

குண்டூசி தேடிப் பார்த்தது.

"வேற எங்கேயும் இடமில்லையே. மார்க்கை அது மேலதான் போட்டிருக்காரு."