ஓடையோரத்து நெய் பாட்டில்

நெய் பாட்டிலுக்கு முதலில் துரோகம் செய்தவர் சபாரத்தினம்தான். வீட்டில் பால் கவரைக்கூடக் கழுவிக் கொடியில் காயப்போட்டுப் பழைய பேப்பர்காரருக்குச் சேர்த்துவைக்கிற மனிதர், மலையோடைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பாட்டிலைப் புல்லிலேயே விட்டுவிட்டார்.

“வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்” என்று பாட்டில் தினமும் சொல்லும்.

“கேளுங்கண்ணே. அதுவரைக்கும் என் பிள்ளைகள் உள்ளே இருக்கட்டும்” என்றது தாய்த்தவளை. பாட்டிலில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஏழு தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன.

ஒரு காலையில் சபாரத்தினம் மனைவியோடு பாட்டிலைத் தேடி வந்தார்.

“வீட்டுக் குப்பையை அத்தனை பதவிசா பிரிப்பீங்க. இங்க வந்தா கை மறந்துபோகுமா?” என்றாள் அவள்.

“இங்கதான் வச்சேன், திலகா.” அவர் குனிந்து புல்லை விலக்கினார்.

பாட்டிலுக்கு வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது. ஆனால் கையில் எடுத்ததும் அவர் முதலில் தண்ணீரைத்தான் கொட்டுவார்.

“தங்கச்சி, அந்தத் தேக்கிலையை என்மேல் இழு.”

“உங்க நாலு கேள்வி?”

“பிள்ளைகளுக்குக் கால் முளைக்கட்டும். கேள்வி எங்கே போகும்?”

அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

“பார்த்தாயா, மறுபடியும் விட்டுவிட்டுப் போகிறார்” என்றது பாட்டில், இலைக்கடியிலிருந்து. “இப்போது அஞ்சு கேள்வி.”