சிவப்பா, நீலமா?

பழைய டிராக்டர் விற்பவரின் கொட்டகையில் சிவப்பு வண்டியும் நீல வண்டியும் ஒருசேர உறுமுகின்றன. வாங்க வந்த பால்காரம்மாவுக்குத் தலை கிறுகிறுக்கிறது. சிவப்பு கைக்கடக்கமான விலை; நீலம் புல் கட்டும் மெஷினை அநாயாசமாக இழுக்கும். ஆனால் இரண்டில் ஒன்றின் வயிற்றில் 'டொக் டொக்' என்று ஏதோ இடிக்கிறது. "சத்தம் சிவப்புலதான்க்கா," என்கிறான் கூட வந்த தம்பி. "இல்ல, நீலத்துல," என்கிறார் கணவர். "ஒண்ணொண்ணா ஓட்டிக் காட்டுங்க," என்கிறாள் அவள். சிவப்பு மட்டும் ஓடுகிறது. அந்தச் சத்தம் இல்லை. நீலம் மட்டும் ஓடுகிறது, அதிலும் இல்லை. "எனக்கே புரியலம்மா," என்று விற்பவர் எண்ணெய்க் கையால் தலையைச் சொறிகிறார். கூரை ஓட்டை வழியே விழும் வெயில் மங்குகிறது. மழைக்கு முன் கட்டவேண்டிய புல் வயலில் விரிந்து கிடக்கிறது. அவள் நீலத்தின் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, சிவப்பைத் திரும்பிப் பார்க்கிறாள்.