வாசலில் ஒரு சோளமணி

கருவேல மரத்துக்குக் குடிவந்த தூக்கணாங்குருவிக்குப் பொறுமை போய்விட்டது. சிட்டுக்குருவிகளின் அந்த ஊரில், புதிதாக வந்தவர் வாசலில் தலைவர் ஒரு சோளமணி வைப்பார். அது நின்றால்தான் ஊர்க்குட்டையில் தண்ணீர் குடிக்கலாம்.

"விழுந்திடுச்சே தம்பி. நாளைக்குப் பார்ப்போம்."

"ஐயா, எங்க கூட்டுக்கு வாசலே கீழ்ப்பக்கம்தான். எத்தனை தடவைங்க சொல்றது?"

தினமும் அவர் வைத்தார், அது விழுந்தது. அடைகாக்கும் மனைவிக்காகத் தூக்கணாங்குருவி ஆற்றுக்குப் பறந்து அலகில் தண்ணீர் சுமந்தது. முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் பறக்கவே பழகிவிட்டன.

மழை பெய்தது. விழுந்ததெல்லாம் முளைத்து, மரத்தடியில் கதிர் விட்டது. ஊரே வந்து கொத்தித் தின்றது.

"அருமையான சோளம்!" வாய் நிறையத் தானியத்தோடு தலைவர் அண்ணாந்து பார்த்தார். "ஆனா வாசல்ல ஒண்ணுகூட நிக்கலையே தம்பி!"

தூக்கணாங்குருவி ஆற்றை நோக்கிப் பறந்தது. தண்ணீருக்கு நேரமாகிவிட்டது.