கவியாவின் காக்கை

“மூணாங்கிளாஸ் புள்ள வரைஞ்சதுன்னு யாரை சார் ஏமாத்துறீங்க? பரிசெல்லாம் கெடையாது!”

“ஒவ்வொரு கோடும் கவியா போட்டதுதான், டீச்சர்!”

அரியலூர் ஓவியப் போட்டியில் நடுவர் சுபாவும், செந்துறைப் பள்ளி ஓவிய வாத்தியார் கிளமெண்டும் போட்ட சத்தத்தில் டீ கொண்டுவந்தவரே திரும்பிப் போய்விட்டார்.

வாய்தான் கத்தியதே தவிர, கிளமெண்ட் சொன்னது முழு உண்மையில்லை. அனுப்புவதற்கு முன்பு படத்தில் அவர் கை வைத்தது நிஜம்.

“இந்தக் காக்காவப் பாருங்க. நீலமும் ஊதாவும் தேச்சு, அதுக்கு மேல கருப்பு. றெக்கை மினுங்குது! இது உங்க கை. பக்கத்துல தொடப்பத்த நட்டு வெச்ச மாதிரி நிக்குதே தென்னமரம், அதுதான் புள்ள வரைஞ்சது.”

வண்ணம் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தது கிளமெண்ட்தான். ஆனால் காக்கை முழுக்கக் கவியாவுடையது. அவர் வரைந்தது தென்னைமரம்.

சொன்னால் மானம் போகும். தலையைக் குனிந்துகொண்டார்; கவியாவின் பரிசு போயிற்று.

“இவ்ளோ அழகா வரையிறவருக்கு எதுக்கு சார் பொய்யி?” சுபாவின் குரல் இளகியது. காக்கைமேல் விழுந்த கண் வாத்தியார்மேலும் விழுந்தது.

தை மாதம் மாதா கோயிலில் இருவருக்கும் கல்யாணம். கவியா ஒரு காக்கைப் படம் கொண்டுவந்து கொடுத்தாள்.

“இதையும் நீங்களே வரைஞ்சு குடுத்தனுப்புனீங்களாக்கும்!” என்று சுபா வெட்கத்தோடு சிரித்தாள். கவியா வாத்தியார் முகத்தையே பார்த்தாள். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

இப்போது பெரம்பலூரில் குடித்தனம். கூடத்தில் கவியா கொடுத்த காக்கைப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வாத்தியார் மட்டும் அதற்கு முதுகு காட்டித்தான் சாப்பிட உட்காருகிறாராம்.